19-ஆம் நூற்றாண்டுப் போரை மேசையில் ஆடுவது: விதிகளையும் படைப்பிரிவின் அளவையும் தீர்மானிக்கும் வழி

பினாங்கின் ஆயர் ஈத்தாமில் நான் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசை நாலரை அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் கொண்டது. 28 மி.மீ. உயரமுள்ள 36 பொம்மை வீரர்களைக் கொண்ட ஒரு பிரிட்டிஷ் பட்டாலியனை (சில நூறு பேர் கொண்ட காலாட்படைப் பிரிவை) முதன்முறையாக அதன்மேல் இரட்டை வரிசையில் நிறுத்தியபோது, முகப்பு மட்டுமே 36 செ.மீ. நீளம் பிடித்தது. எதிரே அதே அளவில் ஒரு பிரெஞ்சுப் பட்டாலியன் நின்றது. இரண்டுக்கும் வண்ணம் தீட்டி முடிக்க எனக்கு ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. ஆட்டம் தொடங்கிய பிறகுதான் குறை புரிந்தது. இரண்டாவது சுற்றிலேயே இரு படைகளும் துப்பாக்கி எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டன. பக்கவாட்டில் சுற்றிவர இடமில்லை. பின்னால் துணைப்படை நிறுத்த ஆழமில்லை. எதிரெதிரே நின்று பகடை உருட்டுவதைத் தவிர எங்கள் இருவருக்கும் எடுப்பதற்கு ஒரு முடிவுகூட மிஞ்சவில்லை.

பொம்மைகளில் குறையில்லை, விதிநூலிலும் குறையில்லை. தீர்மானங்களை நான் எடுத்த வரிசைதான் தவறு. பெரும்பாலோர் முதலில் உருவத்தின் உயரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பிறகு ஒரு பிரிவுக்கு எத்தனை வீரர் என்று முடிவு செய்கிறார்கள், அதன்பின் விதிநூல் வாங்குகிறார்கள், மேசையைப் பற்றிக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். இதை அப்படியே தலைகீழாகச் செய்ய வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. படைப்பிரிவின் அளவைத் தலைக்கணக்கு தீர்மானிப்பதில்லை. மேசையில் அது பிடிக்கும் முகப்பு தீர்மானிக்கிறது.

முதல் படி: அந்தக் களத்தில் நீங்கள் யார்?

எந்தப் போர் என்று கேட்பதற்கு முன்பாக, அந்தப் போரில் யாருடைய இடத்தில் நின்று முடிவெடுக்கப் போகிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு கேப்டனா, பல பட்டாலியன்கள் சேர்ந்த ஒரு பிரிகேடின் தலைவரா, முழுச் சேனைக்கும் தளபதியா? இம்மூவரும் ஒரே நாளில் ஒரே களத்தில் நின்றாலும் அவர்கள் கண்ட போர் மூன்று வேறு போர்கள்.

கேப்டன் நிலைக்கு நமக்கு மிக அருகிலேயே ஒரு களம் இருக்கிறது. 1831-இல் மலாக்காவுக்கு உள்நாட்டில் இருந்த நானிங் பகுதியின் தலைவர் டோல் சைட்டை அடக்க, ஏறத்தாழ 150 சிப்பாய்கள் சில பீரங்கிகளுடன் சென்றார்கள். காட்டுப் பாதையில் மரங்களை வெட்டிப் போட்டு வழியடைத்து, மறைந்திருந்து சுட்டதால், அந்தப் படை பின்வாங்கி மலாக்காவுக்கே திரும்ப நேர்ந்தது. மறு ஆண்டு பெரிய படையொன்று காட்டை வெட்டிச் சாலை போட்டுக்கொண்டே மாதக்கணக்கில் முன்னேறி, 1832 ஜூனில் தாபோவைப் பிடித்தது. இந்தப் படைகளில் சென்ற சிப்பாய்கள் மதராஸ் படையினர். இத்தகைய களத்தில் ஒரு பொம்மை ஒரு மனிதனையோ இரண்டு மூன்று பேரையோ குறிக்கலாம். ஒரு பிரிவுக்கு 8 முதல் 16 உருவங்கள் போதும். குடியேற்றக் காலப் போர்களுக்காக எழுதப்பட்ட ‘த மென் ஹூ வுட் பி கிங்ஸ்’ என்ற விதிநூல், பயிற்சி பெற்ற காலாட்படைப் பிரிவுக்கு 12 உருவங்களும் பழங்குடிக் காலாட்படைப் பிரிவுக்கு 16 உருவங்களும் வைக்கிறது. புதியவர் ஒருவர் ஓரிரு மாதங்களில் எட்டக்கூடிய அளவு அது.

பிரிகேட், டிவிஷன் (பல பிரிகேடுகள் சேர்ந்தது) நிலைக்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது 1803 செப்டம்பர் 23 அன்று இந்தியாவில் நடந்த அசாயே போர். பிரிட்டிஷ் தளபதி ஆர்தர் வெல்லஸ்லியின் பக்கம் 2 ஸ்காட்டிஷ் பட்டாலியன்கள், 5 மதராஸ் சிப்பாய்ப் பட்டாலியன்கள், 4 குதிரைப்படை ரெஜிமென்டுகள் முன்னணியில் போரிட்டன. எதிரே மராட்டிய அரசர் சிந்தியாவின் சேவையில் இருந்த போல்மன் என்னும் ஜெர்மானியரின் கீழ் 10,000-க்கு மேற்பட்ட பயிற்சி பெற்ற காலாட்படையினரும், அவர்களுடைய சிறந்த பீரங்கிகளும் நின்றன. (மணிலா மீது படையெடுக்கத் திட்டமிட்டபோது இதே வெல்லஸ்லி 1797-இல் பினாங்குக்கு வந்து தங்கியிருந்தார், எங்கள் ஊர்க்காரர்கள் இந்தப் போரை ஆசையோடு ஆடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.) இங்கே பிரிவு என்பது பட்டாலியன். எந்தப் பட்டாலியனை எப்போது வரிசை அணியில் விரிப்பது, எதைப் பின்னால் காத்திருக்க வைப்பது என்பவையே உங்கள் கவலைகள்.

மூன்றாவது நிலை 1866 ஜூலை 3 அன்று பிரஷ்யாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் இடையே கோனிக்ராட்ஸில் நடந்தது போன்ற போர். இரு தரப்பிலும் 2 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். அங்கே தளபதி ஒரு பட்டாலியனைப் பார்த்து ‘சதுர அணி வகு’ என்று சொல்வதில்லை. ஒரு கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்த படை) எப்போது வந்து சேரும் என்று காத்திருக்கிறார். எனவே பிரிவு என்பது பிரிகேட் அல்லது டிவிஷன். ‘வாலி அண்ட் பயனெட்’ விதிநூலில் ஒரு பிரிகேட் 3 அங்குலச் சதுரமான ஒரே அடித்தட்டில் (பொம்மைகளை ஒட்டி வைக்கும் தட்டில்) நிற்கிறது, ஒரு சுற்று ஒரு மணி நேரத்தைக் குறிக்கிறது. இந்த நிலைக்கு அது பொருந்தும்.

எந்த விதிநூலைக் கையில் எடுத்தாலும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: நான் எடுத்துக்கொண்ட பதவியில் இருந்தவர் உண்மையில் எடுத்திருக்கக்கூடிய முடிவுகளைத்தான் இந்த விதிகள் என்னிடம் கேட்கின்றனவா? சேனைத் தளபதியாக இருக்கும் உங்களை 30 பட்டாலியன்களுக்கும் தனித்தனியே அணி மாற்றச் சொல்லும் நூல் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் உங்களுக்கு உதவாது.

இரண்டாம் படி: நூற்றாண்டின் எந்தப் பகுதி?

‘19-ஆம் நூற்றாண்டு விதிகள்’ என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், அந்த நூறு ஆண்டுகளில் மூன்று வகைத் துப்பாக்கிகள் ஒன்றையடுத்து ஒன்று புழக்கத்துக்கு வந்தன. ஒவ்வொரு மாற்றமும் மேசையின் அளவையே மாற்றிவிடுகிறது.

ஏறத்தாழ 1850 வரை மழமழப்பான குழலுள்ள மஸ்கட் துப்பாக்கிதான். நிமிடத்துக்கு 2 அல்லது 3 முறை சுடலாம். 100 மீட்டருக்குள்தான் அதற்கு உண்மையான வலிமை. 200 மீட்டருக்கு அப்பால் கூட்டமாகச் சுட்டாலும் பயன் மிகக் குறைவு. ஆகவே வரிசை, பத்தி (ஒன்றன்பின் ஒன்றாக ஆழமாக நிற்பது), சதுரம் என்ற அணிவகுப்புகள் உயிர்நாடியாக இருந்தன. 1849-இல் பிரான்ஸில் மினியே தோட்டா வந்த பிறகு, 1853-ஆம் ஆண்டு என்ஃபீல்டு போன்ற, குழலுக்குள் சுருள்வரியிட்ட துப்பாக்கிகளின் குறிப்பலகையில் 800 மீட்டருக்கும் மேல் அளவுக்கோடுகள் இருந்தன. குழலின் வாய் வழியாக மருந்து நிரப்பும் வழக்கம் தொடர்ந்ததால் சுடும் வேகம் மட்டும் மாறவில்லை. மூன்றாவதாகப் பின்புறம் நிரப்பும் துப்பாக்கி வந்தது. பிரஷ்யர்களின் ட்ரைசே ஊசித் துப்பாக்கியால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 முறை, அதுவும் படுத்துக்கொண்டே சுட முடிந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1866-இல் ஏற்ற ஷாஸ்போ துப்பாக்கிக்கு 1,200 மீட்டர் வரை குறிபார்க்கும் அமைப்பு இருந்தது.

நெப்போலியன் காலத்துக்கு எழுதிய விதிகளில் தூரத்தை மட்டும் கூட்டி 1870-ஆம் ஆண்டு பிரெஞ்சு-பிரஷ்யப் போருக்கும் ஆடலாம் என்று சொல்பவர்களை நான் ஏற்பதில்லை. தூரம் கூடினால் தரை அளவு (மேசையில் 1 செ.மீ. என்பது தரையில் எத்தனை மீட்டர் என்பது) மாற வேண்டும், தரை அளவு மாறினால் பிரிவின் பொருளே மாறிவிடும். காரணம் அடுத்த கணக்கில் தெரியும்.

மூன்றாம் படி: மேசையும் தரை அளவும்

வீட்டில் உள்ள மேசையை அளவுநாடாவால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மேசை சிறிதென்றால் ப்ளைவுட் வாங்குவதே மலிவான வழி. ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் முழுப்பலகை 8 அடிக்கு 4 அடி. அதிலிருந்து 3 அடி நீளமுள்ள இரண்டு துண்டுகளை வெட்டித் தரச் சொன்னால், அவற்றைச் சேர்த்து வைக்கும்போது 6 அடிக்கு 4 அடிக் களம் கிடைக்கும்; மீதமாகும் 2 அடித் துண்டு பகடைகளுக்கும் களத்திலிருந்து அகற்றிய படைகளுக்கும் உதவும். முழுப்பலகை அடுக்குமாடியின் மின்தூக்கிக்குள் போகாது என்பதால் கடையிலேயே வெட்டிக்கொள்வது நல்லது. சாப்பாட்டு மேசையின்மேல் வழுக்காத ரப்பர் விரிப்பைப் போட்டுப் பலகைகளை வைத்தால் அசையாது. 9 மி.மீ. தடிமன் போதும்.

இனி 6 அடி என்பதை 180 செ.மீ. என்றும் 4 அடி என்பதை 120 செ.மீ. என்றும் வைத்துக்கொள்வோம்.

மேசையில் 1 செ.மீ. என்பது தரையில் 10 மீட்டர் என்று கொண்டால், களத்தின் நீளம் 1,800 மீட்டர், ஆழம் 1,200 மீட்டர். மஸ்கட்டின் 100 மீட்டர் 10 செ.மீ. ஆகிறது, 800 மீட்டர் தூரம் குண்டு வீசும் பீரங்கி 80 செ.மீ. எட்டும். இது பட்டாலியன் நிலைக்கு மிக இயல்பாகப் பொருந்தும் அளவு. அசாயேயில் கைட்னா, ஜுவா ஆகிய இரண்டு ஆறுகளுக்கு நடுவே படைகள் நின்ற நிலம் ஏறத்தாழ ஒரு மைல் அகலம். அது மேசையில் 160 செ.மீ. ஆகிறது. இரண்டு ஆறுகளையும் வரைந்த பிறகும் ஓரங்களில் சிறிது இடம் எஞ்சும்.

இதே மேசையில் இதே அளவில் ஷாஸ்போவை வைத்தால் அதன் 1,200 மீட்டர் 120 செ.மீ. ஆகிறது, அதாவது மேசையின் முழு ஆழமும். படையை இறக்கி வைத்த நொடியிலேயே எல்லோரும் எல்லோரையும் சுடலாம் என்றால் அங்கே நகர்வுக்கு இடமேது? ஆகவே 1870-ஆம் ஆண்டுப் போருக்கு 1 செ.மீ. என்பது 50 மீட்டர் ஆக வேண்டும். ஷாஸ்போ 24 செ.மீ. ஆகச் சுருங்கும், களம் 9 கிலோமீட்டராக விரியும், ஆனால் ஒரு பட்டாலியனின் முகப்பு 3 செ.மீ. சொச்சமாகக் குறைந்துவிடும். அப்போது பட்டாலியனைத் தனிப் பிரிவாக வைப்பதில் பொருளில்லை. ஏறத்தாழ 6 பட்டாலியன்கள் கொண்ட பிரஷ்ய பிரிகேடே பிரிவாகிவிடும்.

நான்காம் படி: முகப்பைக் கணக்கிட்டு அடித்தட்டுகளாகப் பிரித்தல்

இந்தப் படியை அவசரப்படாமல் செய்ய வேண்டும். கணக்கு எளிதானதுதான்: ஆட்களின் எண்ணிக்கையை வரிசைகளின் எண்ணிக்கையால் வகுத்து, ஓர் ஆள் பிடிக்கும் அகலத்தால் பெருக்க வேண்டும். தோளோடு தோள் உரசி நிற்கும் காலாட்படை வீரனுக்கு ஏறத்தாழ 55 செ.மீ. இடம் வேண்டும்.

600 பேர் கொண்ட பிரிட்டிஷ் அல்லது மதராஸ் பட்டாலியன் இரண்டு வரிசையில் நின்றால் 300 பேர் அகலம், அதாவது 165 மீட்டர். மேசையில் 16 செ.மீ. என்று கொள்ளலாம். அதே 600 பேர் பிரெஞ்சு முறைப்படி மூன்று வரிசையில் நின்றால் 200 பேர் அகலம், 110 மீட்டர், மேசையில் 11 செ.மீ. இரண்டையும் ஒரே அகலத்தில் வைத்துவிட்டால், பிரிட்டிஷ் வரிசை ஏன் பிரெஞ்சுக்காரர்களைவிட அதிகத் துப்பாக்கிகளை ஒரே நேரத்தில் முன்னே நீட்ட முடிந்தது என்பதைப் பகடைக் கூட்டல்களால் விளக்க வேண்டிவரும். முகப்பைச் சரியாக வைத்தால் அதை மேசையே காட்டிவிடும். இப்படிக் கண்ணுக்குத் தெரியும் காரணங்களை நான் எப்போதும் அட்டவணைகளுக்கு மேலாக மதிக்கிறேன்.

16 செ.மீ. முகப்பை 4 செ.மீ. அகலமுள்ள நான்கு அடித்தட்டுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நான்கு என்ற எண்ணுக்கு நல்ல காரணம் உண்டு. நான்கையும் பக்கம் பக்கமாக வைத்தால் வரிசை; இரண்டிரண்டாக வைத்தால் தாக்குதல் பத்தி; ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் அணிநடைப் பத்தி; ஒவ்வொன்றையும் ஒரு திசை நோக்கி வெளிமுகமாகத் திருப்பினால் சதுரம். இந்த நான்கு தோற்றங்களையும் மூன்று தட்டுகளால் காட்ட முடியாது, ஐந்து தட்டுகள் தேவையில்லை. 1866-ஆம் ஆண்டு பிரஷ்ய பட்டாலியன் தலா ஏறத்தாழ 250 பேர் கொண்ட நான்கு கம்பெனிகளால் ஆனது என்பதால், அங்கே ஒரு தட்டு ஒரு கம்பெனியாகவே அமைந்துவிடுகிறது. 1808-க்குப் பிந்தைய பிரெஞ்சுப் பட்டாலியனில் 6 கம்பெனிகள் இருந்தன. 6 தட்டுகள் வைத்து, இலகு காலாட்படைக் கம்பெனியை முன்னே சிதறவிட விரும்புவோர் உண்டு. நுணுக்கத்தை விரும்புவோருக்கு அது நிறைவளிக்கும். முதல் படையைத் தொடங்குபவருக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

28 மி.மீ. உருவத்துக்கு 2 செ.மீ. அகலம் தேவை. எனவே 4 செ.மீ. தட்டில் முன்னே 2, பின்னே 2 என 4 பேர். பட்டாலியனுக்கு 16 பேர். கடலுக்கு அப்பால் பெருநிலத்தில் உள்ள பட்டர்வொர்த்திலிருந்து ஆட வரும் தம்பி ஒருவர் முதலில் இதைப் பார்த்துவிட்டு, “பட்டாலியன்னா கொஞ்சம் கூட்டமா இருக்கணும் அண்ணே, இது காவலுக்கு நிக்கிற மாதிரி இருக்கு” என்றார். அவர் சொன்னது நியாயம். கூட்டமான தோற்றம் வேண்டுமென்றால் தட்டை அகலப்படுத்தக் கூடாது. உருவத்தைச் சிறிதாக்க வேண்டும். அதே 4 செ.மீ. தட்டில் 15 மி.மீ. உருவங்கள் முன்னும் பின்னுமாக 6 அல்லது 8 நிற்கும். 6 மி.மீ. ஆனால் ஒரே தட்டில் 20-க்கு மேல் வைத்து, நடுவில் கொடி, பக்கத்தில் மேளகாரர் என்று உண்மையான பட்டாலியனின் நெடிய வரிசையையே காட்டலாம்.

குதிரை வீரனுக்கு ஏறத்தாழ 1 மீட்டர் அகலம் வேண்டும். 400 பேர் கொண்ட ரெஜிமென்ட் இரண்டு வரிசையில் 200 மீட்டர், மேசையில் 20 செ.மீ.; 5 செ.மீ. அகலமுள்ள நான்கு தட்டுகள், 28 மி.மீ. ஆனால் தட்டுக்கு 2 குதிரைகள். 6 பீரங்கிகள் கொண்ட பேட்டரி ஏறத்தாழ 80 முதல் 100 மீட்டர் வரை பிடிக்கும். அதற்கு 2 மாதிரிப் பீரங்கிகள் போதும்.

முகப்பு சரியானாலும் ஆழம் ஒருபோதும் சரியாகாது. இரண்டு வரிசை வீரர்கள் உண்மையில் பிடிக்கும் ஆழம் சில மீட்டர்தான். மேசையில் 4 செ.மீ. ஆழமுள்ள தட்டு 40 மீட்டராகிவிடுகிறது. எனவே பத்தி அணியில் செல்லும் படை உண்மையைவிட மிக நீளமாகத் தெரியும். இதைச் சரிக்கட்ட, எல்லாத் தூரங்களையும் தட்டின் முன்விளிம்பிலிருந்து முன்விளிம்புக்கு மட்டும் அளக்கும் வழக்கத்தை முதல் நாளிலிருந்தே கடைப்பிடியுங்கள். துணைப்படையை 15 முதல் 20 செ.மீ. பின்னால் நிறுத்தினால் அது இயல்பான இடைவெளியாகவே இருக்கும்.

ஐந்தாம் படி: உருவத்தின் உயரம்

இப்போதுதான் உருவத்தைப் பற்றிப் பேசலாம், இங்கே கடிகாரமே நீதிபதி. என் கைக்கு 28 மி.மீ. காலாட்படை வீரர் ஒருவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது; 15 மி.மீ. வீரருக்கு அரை மணி நேரம். அசாயேயின் 7 பட்டாலியன்களுக்கு 16 வீதம் 112 பேர், 28 மி.மீ. ஆனால் 168 மணி நேரம். வாரம் 5 மணி நேரம் உழைத்தால் 34 வாரம், தாங்கக்கூடியதுதான். ஆனால் எதிரே 10,000 பேர் நிற்கிறார்கள். 600 பேர் கொண்ட பட்டாலியன்களாகப் பிரித்தால் 17 பட்டாலியன்கள், 272 பேர், மேலும் 408 மணி நேரம். குதிரைகளும் பீரங்கிகளும் தனி. இரு தரப்பையும் ஒருவரே உருவாக்குவதானால் நான் 15 மி.மீ. அல்லது 10 மி.மீ. பக்கம்தான் போவேன். 28 மி.மீ. அழகை விட முடியாதவர்கள் நானிங் போன்ற சிறு களத்தைத் தேர்ந்தெடுத்தால் அந்த அழகு அங்கே வீணாகாது.

ப்ளைவுட் வாங்கவும் வழியில்லாமல் நாலரை அடி மேசையிலேயே ஆட வேண்டியவர்கள் 1 செ.மீ. என்பது 20 மீட்டர் என்று வைத்து, பட்டாலியனை 8 செ.மீ. முகப்பில், 2 செ.மீ. தட்டுகள் நான்கில், 6 மி.மீ. உருவங்களால் அமைக்கலாம்.

நம் ஊரின் ஈரக்காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். மெல்லிய அட்டைத் தட்டுகளின்மேல் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைத் தடவினால் இரண்டே நாளில் ஓரங்கள் மேலே வளைந்துவிடும். நான் 2 மி.மீ. எம்.டி.எஃப். (அழுத்திய மரநார்ப் பலகை) தட்டுகளின் இரு பக்கங்களுக்கும் முதலில் வண்ணம் பூசி உலரவிட்ட பிறகுதான் மணலை ஒட்டுகிறேன். மழை இறங்கப்போகும் மாலையில் ஸ்ப்ரே வார்னிஷ் அடித்தால் வெண்பனி போல் படிந்து, சிவப்புச் சட்டைகள் எல்லாம் சாம்பல் பூத்துவிடும். தூரிகையால் பூசும் வார்னிஷே பாதுகாப்பானது. தட்டின் அடியில் காந்தத் தாள் ஒட்டி, மூடியுள்ள தகரப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தால் துரு ஏறாது, எடுத்துச் செல்லும்போதும் வீரர்கள் சரியமாட்டார்கள்.

ஆறாம் படி: விதிகளைச் சோதித்தல்

ஒரு விதிநூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பதைவிட, நடந்தது என்று நாம் உறுதியாக அறிந்த சில நிகழ்ச்சிகளை அதற்குக் கொடுத்து, என்ன விடை தருகிறது என்று பார்ப்பது நல்லது. நான் மூன்று நிகழ்ச்சிகளை வைத்திருக்கிறேன்.

முதலாவது, அசாயேயில் ஸ்காட்டிஷ் படையான 74-ஆவது ரெஜிமென்டுக்கு நேர்ந்தது. அது கிராமத்துக்கு மிக அருகே சென்று பீரங்கிகளுக்கு நேர் எதிரே சிக்கியது. பாதிக்கு மேற்பட்டோர் வீழ்ந்த பிறகும், குதிரைப்படை சூழ்ந்தபோது மிஞ்சியவர்கள் ஒன்றுகூடிச் சதுரம் போல் நின்று தாங்கினார்கள். பிரிட்டிஷ் அதிகாரி மாக்ஸ்வெல்லின் குதிரைப்படை வந்து அவர்களை மீட்டது. உங்கள் விதிகளில் ஒரு பட்டாலியன் குறிப்பிட்ட விழுக்காட்டை இழந்ததும் தானாகவே ஓடிவிடுமென்றால் இப்படியொரு நிகழ்ச்சி மேசையில் ஒருபோதும் நடக்காது. ஒருவரும் எப்போதும் ஓடாமல் கடைசி ஆள் வரை நிற்பார்களென்றால் அதுவும் பொய். பெரும்பாலான பட்டாலியன்கள் அழிக்கப்பட்டதனால் தோற்கவில்லை. மனவுறுதி உடைந்ததனால் தோற்றன. இழப்பையும் உறுதியையும் தனித்தனியே கணக்கிட்டு, அரிதாக ஒரு பிரிவு எதிர்பாராமல் நிலைத்து நிற்க வாய்ப்பளிக்கும் விதிகளே நல்ல விதிகள். அதனால்தான் வீரர்களை ஒவ்வொருவராக அகற்றும் முறையைவிட, தட்டுக்குப் பின்னால் ஓர் அடையாளக் கல் வைக்கும் முறையை நான் விரும்புகிறேன்.

இரண்டாவது, 1866-ஆம் ஆண்டின் முரண். கோனிக்ராட்ஸில் காலாட்படைத் துப்பாக்கியில் பிரஷ்யர்கள் மேலோங்கியிருந்தார்கள். ஆனால் வரியிட்ட பீரங்கிகளைத் திறமையாகக் கையாண்ட ஆஸ்திரியப் பீரங்கிப்படை அவர்களுக்கு ஈடுகொடுத்தது மட்டுமல்லாமல் பல இடங்களில் மிஞ்சியும் நின்றது. ஒரு நாட்டுப் படை முழுவதற்கும் ‘சிறந்தது’, ‘மட்டமானது’ என்று ஒரே மதிப்பெண் போடும் நூல் இந்த முரணைத் தொலைத்துவிடும்.

மூன்றாவது, 1870 ஆகஸ்ட் 18 மாலை சென் ப்ரிவா சரிவில் நடந்தது. மறைவேதும் இல்லாத மேட்டில் ஏறிய பிரஷ்யக் காவற்படை ஏறத்தாழ 8,000 பேரை இழந்தது. பீரங்கிகள் அந்தக் கிராமத்தை நொறுக்கி, சாக்சனியர்கள் பக்கவாட்டில் வந்து சேர்ந்த பிறகே ஊர் வீழ்ந்தது. ஒரு தாக்குதல் பத்தி இரண்டு நல்ல பகடை வீச்சுகளால் அந்தச் சரிவைக் கடந்துவிடுமென்றால், அந்த நூலை மஸ்கட் காலத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டளை எப்படிப் போய்ச் சேருகிறது என்பதையும் கவனியுங்கள். புகையிலும் இரைச்சலிலும் தளபதியின் சொல் பல வேளைகளில் தாமதமாகச் சென்றது, சில வேளைகளில் தவறாகவும் சென்றது. 1854 அக்டோபர் 25 அன்று கிரிமியப் போரின் பாலக்லாவா களத்தில் பிரிட்டிஷ் இலகு குதிரைப்படை பீரங்கிகளுக்கு நேரே பாய்ந்ததற்கு, தெளிவற்ற ஒரு கட்டளைச் சீட்டே காரணம். ‘பிளாக் பவுடர்’ விதிநூலில் தளபதி தன் எண்ணத்தை வாய்விட்டுச் சொல்லிய பிறகே இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும்; தன் திறன் எண்ணைவிட எவ்வளவு குறைவாக விழுகிறதோ அதற்கேற்ப ஒன்று, இரண்டு அல்லது மூன்று நகர்வுகள் கிடைக்கும், அதிகமாக விழுந்தால் படை அசையாது. நான்கு பேர் கூடி ஆடும் ஞாயிற்றுக்கிழமைக்கு இது மிக நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் அதில் காலாட்படையின் ஒரு நகர்வு 12 அங்குலம் என்பதால் மூன்று நகர்வுகள் 91 செ.மீ. ஆகிவிடும், 4 அடி ஆழமுள்ள மேசையில் அது களத்தின் முக்கால் பங்கு. நாங்கள் நகர்வையும் சுடும் தூரத்தையும் சேர்த்துப் பாதியாக்கி ஆடுகிறோம். ஒன்றை மட்டும் பாதியாக்கினால் சமநிலை கெடும்.

ஏழாம் படி: காகிதப் படையோடு ஒரு நாள்

ஒரு பொம்மைகூட வாங்குவதற்கு முன், மைலோ பெட்டியின் அட்டையைக் கத்தரித்து, தீர்மானித்த அளவில் அடித்தட்டுகள் செய்யுங்கள். ஒரு தரப்புக்குச் சிவப்பு மை, மறுதரப்புக்கு நீலம். ஒவ்வொன்றின் முன்விளிம்பிலும் ஓர் அம்புக்குறி. ஆளுக்கு 6 பிரிவுகளோடு ஒரு பிற்பகல் ஆடிப் பாருங்கள். நாங்கள் 2 மணிக்குத் தொடங்கினால் 6 மணிக்குள் முடித்தாக வேண்டும். பெருநிலத்துக்குத் திரும்ப வேண்டியவர்கள் இருக்கிறார்கள். 4 மணி நேரத்தில் 12 சுற்றுகளாவது நடக்க வேண்டுமென்றால் ஒரு சுற்றுக்கு 20 நிமிடம். கைப்பேசியில் நேரம் குறித்து, எந்தச் செயல் அதிக நேரத்தை விழுங்குகிறது என்று எழுதுங்கள். பெரும்பாலும் அது சண்டையாக இருக்காது. விதிநூலைப் புரட்டித் தேடுவதாகவோ எந்தக் கோணம் வரை சுடலாம் என்ற வாதமாகவோதான் இருக்கும். முதலாவதற்கு ஒருபக்கச் சுருக்கம் எழுதி மேசையில் ஒட்டலாம். இரண்டாவதற்கு 45 பாகைக் கோணத்தில் வெட்டிய அட்டை ஒன்று போதும்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு கேள்விகளுக்கு இரு தரப்பும் தனித்தனியே விடை எழுதட்டும். எந்தச் சுற்றில் நீங்கள் இரண்டு வழிகளுக்கு நடுவே உண்மையாகவே தயங்கினீர்கள்? மேசையின் எந்தப் பகுதிக்கு ஒரு பிரிவுகூடப் போகவில்லை? தயக்கமே இல்லையென்றால் பிரிவுகள் மிகக் குறைவு அல்லது மிகப் பெரியவை. அடித்தட்டைச் சிறிதாக்கி எண்ணிக்கையைக் கூட்டுங்கள். மேசையின் பாதி வெறுமையாகக் கிடந்தால் தரை அளவைக் குறுக்குங்கள். மாற்றிய அளவில் அட்டையை மீண்டும் வெட்டி இன்னொரு ஞாயிறு ஆடுங்கள். நாங்கள் மூன்றாவது முறை வெட்டியபோதுதான் 4 செ.மீ. தட்டுக்கு வந்து சேர்ந்தோம். அந்த அட்டைகள் இன்னும் என் பெட்டியின் அடியில் கிடக்கின்றன.

அதன்பின் ஒரே ஒரு பட்டாலியனுக்கான உருவங்களை மட்டும் வாங்குங்கள். வண்ணம் தீட்டியதும் உடனே ஒட்டிவிடாமல், தட்டுகளின்மேல் எளிதில் பிய்க்கக்கூடிய ஒட்டுக்களிமண்ணால் நிறுத்தி, வரிசை, பத்தி, சதுரம் மூன்றையும் மேசையில் வகுத்துப் பாருங்கள். 28 மி.மீ. உருவங்களில் நீட்டிய துப்பாக்கிமுனைக் கத்தி முன்னே நிற்கும் தட்டில் முட்டுவது வழக்கம். முட்டினால் உருவத்தைச் சற்றுப் பின்னே தள்ளி, நான்கு தட்டுகளும் ஒன்றோடொன்று இடைவெளியின்றிப் பொருந்துகின்றனவா என்று மறுபடி பார்த்த பிறகே பசையைத் திறக்க வேண்டும்.